ஆன்லைன் தூண்டில் செட்: பிள்ளையோடு குளத்துக்குப் போகிறவர்களுக்கு எது உதவும், எது உதவாது

ஆன்லைன் கடைகளில் ‘ஃபிஷிங் காம்போ’ என்று தேடினால், பல பெயர்களில் ஏறக்குறைய ஒரே சரக்குதான் வந்து நிற்கிறது. நீட்டி மடக்கும் டெலஸ்கோப்பிக் ராடு, 2000 அல்லது 3000 அளவு ஸ்பின்னிங் ரீல், 100 மீட்டர் நரம்பு, ஒரு டப்பா நிறைய முள், ஸ்விவல் (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பு), ரப்பர் புழு, பளபளக்கும் லூர் (செயற்கை இரை), எல்லாவற்றையும் போட்டுக்கொள்ள ஒரு பை. விலை பெரும்பாலும் ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் நடுவில். சின்ன வயதில் வாய்க்காலில் தூண்டில் போட்டு, படிப்பு, வேலை என்று விட்டுப்போய், இப்போது பிள்ளைக்குக் காட்டிக்கொடுக்கலாம் என்று திரும்புகிறவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் இதைத்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ராடும் ரீலும் கொடுத்த காசுக்குத் தகும். நரம்பையும் முள்ளையும் ஒதுக்கிவிட்டு வேறு வாங்க வேண்டும். லூர்களில் முக்கால்வாசி நம்மூர்க் குளத்துக்கு ஆகாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, இது பெரியவருக்கான செட். ஏழெட்டு வயதுப் பிள்ளையின் கையில் முதல் தூண்டிலாக இதைக் கொடுக்காதீர்கள். பிள்ளைக்கு ரீலே இல்லாத கம்புத் தூண்டில்தான் சரி. அதற்கான காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். முதலில் பெட்டிக்குள் இருப்பதைப் பார்ப்போம்.

ராடு 2.1 மீட்டராவது இருக்கட்டும். 1.8 மீட்டருக்கும் குறைந்தால், கரையோரக் கோரைக்கு மேலாக நரம்பைத் தூக்கிப் பிடிக்க முடியாது. ‘கார்பன்’ என்று அச்சடித்திருந்தாலும் இந்த விலைக்கு வருவது பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்ததுதான். அதை ஒரு குறையாகவே நினைக்க வேண்டாம். கொஞ்சம் கனக்கும், ஆனால் கல்லில் பட்டாலும் எளிதில் விரிசல் விடாது. கற்றுக்கொள்ளும் காலத்தில் அந்த உறுதிதான் வேண்டும். பார்க்க வேண்டியது வளையங்களை. ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கொஞ்சம் பஞ்சை நுழைத்து ஒரு சுற்று தேய்த்து எடுங்கள். பஞ்சு இழை எங்கே சிக்குகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது. அந்த ராடைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், அது எவ்வளவு நல்ல நரம்பையும் அறுத்துவிடும்.

நீட்டும்போது நுனித் துண்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக இழுத்து, வளையங்கள் ஒரே கோட்டில் வந்ததும் இலேசாகத் திருகி இறுக்க வேண்டும். மடக்கும்போது அடியிலுள்ள தடித்த துண்டு முதலில். வீசி உதறி நீட்டினால் மூட்டு இறுகிப்போகும், மணல் புகுந்தால் இன்னும் மோசம். இறுகிவிட்டால் நேராக இழுக்கக் கூடாது. ரப்பர் கையுறை போட்டு மூட்டின் இரு பக்கமும் பிடித்து எதிரெதிராகத் திருகினால் விடும்.

ரீலின் பெட்டியில் 12, 13 பேரிங் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். கைப்பிடியைச் சுற்றும்போது கரகரப்பு இருக்கிறதா, பின்னோக்கி எவ்வளவு ஆடுகிறது, நரம்பை ரீலில் சுற்றிவிடும் வளைந்த பெயில் கம்பி திறந்தால் திறந்தபடி நிற்கிறதா, மூடினால் முழுக்க மூடுகிறதா, நரம்பு படும் சின்ன உருளை விரலால் தள்ளினால் சுழல்கிறதா. இந்த நான்கும் சரியென்றால் போதும். அந்த உருளை சுழலாவிட்டால் நரம்பு முறுக்கிக்கொண்டே போகும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்கள், பல ரீல்கள் அதிலேயே சரியாகிவிடும். கைப்பிடியை இடப்பக்கம் வலப்பக்கம் மாற்றிக்கொள்ளலாம். வலக்கைக்காரர் ராடை வலக்கையில் பிடித்து இடக்கையால் சுற்றுவதே வசதி, எறிந்த பிறகு கை மாற்ற வேண்டியதில்லை.

பரணில் பழைய ரீல் கிடந்தால் அதை ஒதுக்க வேண்டாம். உள்ளே கிரீஸ் இறுகிப்போயிருக்கும். பக்கவாட்டு மூடியைத் திறந்து பழையதைத் துடைத்துவிட்டுப் பல்சக்கரத்தில் கொஞ்சம் புதுக் கிரீஸ் வைத்தால், இந்தச் செட்டின் ரீலைவிட அது நன்றாக ஓடலாம். நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராக்கின் வாஷர்களில் மட்டும் எண்ணெய் படக் கூடாது. பழைய நரம்பை அப்படியே பயன்படுத்தவே கூடாது. வெயிலிலும் நாட்பட்டும் நைலான் நொறுங்கிப்போகும். ஒரு முடிச்சுப் போட்டுச் சுண்டி இழுத்தால் தெரிந்துவிடும்.

செட்டோடு வரும் நரம்பு தடிமனாகவும், சுருள் பிடித்தும் இருக்கும். ரீலிலிருந்து இறங்கியும் வளையம் வளையமாகவே நிற்கும். 0.25 மில்லிமீட்டர் நைலான் நரம்பு ஒரு சுருள் தனியாக வாங்குங்கள். ஏறக்குறைய நாலைந்து கிலோ தாங்கும், நம்மூர்க் குளத்து மீனுக்குத் தாராளம். சுற்றும் முறையில்தான் பலருடைய தொல்லை ஆரம்பிக்கிறது. நரம்பை நுனி வளையத்திலிருந்து எல்லா வளையங்களிலும் கோத்து, பெயில் கம்பியைத் திறந்து, ரீலில் நரம்பு சுற்றும் பெரிய உருளையில் கட்டி, கம்பியை மூட வேண்டும். புதுச் சுருளைத் தரையில் படுக்கவைத்து, ஈரத்துணியால் நரம்பைப் பிடித்து இறுக்கம் கொடுத்தபடி இருபது சுற்று சுற்றுங்கள். இப்போது பிடியைத் தளர்த்திப் பாருங்கள். நரம்பு தானாக முறுக்கிக்கொண்டால் சுருளைப் புரட்டிப்போட்டுத் தொடருங்கள். உருளையின் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே நிறுத்திவிட வேண்டும். விளிம்பு வரை நிரப்பினால் எறியும்போது கொத்தாகக் கழன்று சிக்கும். பாதியில் நிறுத்தினால் தூரம் போகாது.

டிராக் என்பது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி. அதை நரம்பின் தாங்கு சக்தியில் நாலில் ஒரு பங்குக்கு வைக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. தராசு வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நரம்பின் நுனியில் கட்டித் தூக்குங்கள். பாட்டில் ஒரு கிலோ. அது தரையை விட்டு எழும் கணத்தில் ரீல் மெல்ல நரம்பை விட வேண்டும். விடாமல் ராடு வளைந்துகொண்டே போனால் திருகைத் தளர்த்துங்கள், பாட்டில் அசையாமலே நரம்பு ஓடினால் இறுக்குங்கள். விட்டு விட்டுத் திணறி ஓடும் டிராக் இந்த விலைச் செட்களில் அடிக்கடி வரும் குறை. அப்படியிருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

முள் பெரிய ஏமாற்றம். நூறு முள் கொடுக்கிறார்கள், கூர் இல்லை. கட்டைவிரல் நகத்தின் மேல் முனையை இலேசாக வைத்து நகர்த்துங்கள். நல்ல முள் நகத்தில் கீறி நிற்கும், மழுங்கியது வழுக்கிக்கொண்டு போகும். முள்ளின் எண் கூடக் கூட அளவு சிறுக்கும் என்பது பழைய ஆட்களுக்கே மறந்திருக்கும். ஜிலேபி மீனுக்கும் சின்னக் கெண்டைக்கும் 10 அல்லது 12, ரோகுக்கு 6 முதல் 8, கெளுத்திக்கு 4 முதல் 6. நல்ல முள்ளாக இருபது வாங்கினால் ஒரு வருஷம் ஓடும்.

அந்த இருபதிலும் பிள்ளை பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு முள்ளின் எதிர்ப்பல்லையும், அதாவது முனைக்குப் பின்னால் எதிர்த்திசையில் நிற்கும் சின்னப் பல்லையும், குறட்டால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். இது நல்லதா வேண்டாமா என்று யோசிக்கும் விஷயமே இல்லை. எதிர்ப்பல் இல்லாத முள் மீனிடமிருந்து ஒரு நொடியில் கழன்று வரும். பிள்ளையின் விரலில் ஏறினாலும் ஏறிய வழியே வந்துவிடும். எதிர்ப்பல்லோடு ஆழமாக ஏறினால் அங்கேயே பிடுங்கப் பார்க்காமல் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். எதிர்ப்பல் இல்லாததால் சில மீன் தப்பும். நரம்பைத் தொய்யவிடாமல் வைத்திருந்தால் அதுவும் குறைவே.

டப்பாவிலிருக்கும் ரப்பர் புழுக்களையும் கடின லூர்களையும் தனித்தனியாக வையுங்கள். சேர்ந்து கிடந்தால் ரப்பர் உருகி எல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஸ்பூன் எனப்படும் கரண்டி வடிவச் சின்ன லூர் ஒன்றிரண்டு ஓடும் தண்ணீரில் உதவலாம். மற்றவற்றைப் பிள்ளை விளையாடக் கேட்டால், மும்முனை முள்ளைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள்.

இனி பிள்ளையின் தூண்டில். ரீல் வைத்து எறிவதற்கு ஒரே நேரத்தில் எத்தனை வேலை என்று பாருங்கள். சுட்டுவிரலால் நரம்பை மடித்துப் பிடிக்க வேண்டும், பெயில் கம்பியைத் திறக்க வேண்டும், பின்னால் ஆள் நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும், வீச வேண்டும், சரியான நொடியில் விரலை விட வேண்டும், கம்பியை மூட வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் சிக்கு. சிக்கெடுக்கும் வேலை அப்பா அம்மாவுக்கு, பிள்ளைக்குக் காத்திருப்பு. அரை மணி நேரத்தில் பிள்ளை கூழாங்கல் பொறுக்கப் போய்விடும். கம்புத் தூண்டிலில் வேலை ஒன்றே ஒன்று: தக்கையைப் பார்ப்பது. தூண்டில் கலையின் உயிரும் அதுதான். தக்கை ஆடுவதற்கும், சாய்வதற்கும், பக்கவாட்டில் நகர்வதற்கும், முங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளை முதல் நாளிலேயே படித்துவிடும். ரீலோடு தொடங்கும் பிள்ளைக்கு அது பல மாதம் தள்ளிப்போகிறது.

கம்பு 2.5 முதல் 3 மீட்டர் போதும். நன்றாகக் காய்ந்த மெல்லிய மூங்கில், அல்லது ரீல் மாட்ட இடமில்லாத கண்ணாடி இழைக் கம்பு. பச்சை மூங்கில் கனக்கும், பிள்ளையின் மணிக்கட்டு சீக்கிரம் சோர்ந்துவிடும். நாலு மீட்டருக்கு மேல் வேண்டாம், காற்றில் ஆட்டிப்பிடிக்க முடியாது. நரம்பை நுனியில் மட்டும் கட்டாமல், ஒன்றரை அடி கீழே ஒரு கட்டு, அங்கிருந்து கம்பில் சுற்றிக்கொண்டு வந்து நுனியில் இன்னொரு கட்டு போடுங்கள். நுனி ஒடிந்தாலும் மீன் போகாது. மொத்த நரம்பு கம்பின் நீளத்தைவிட ஒரு சாண் குறைவாக இருக்கட்டும். கம்பை நிமிர்த்தினால் மீன் நேராகக் கைக்கு வரும். கம்பைவிட நீளமான நரம்புதான் பிள்ளைகள் முள்ளைத் தலையில் மாட்டிக்கொள்வதற்குப் பெரிய காரணம்.

நரம்பு 0.18 அல்லது 0.20 மில்லிமீட்டர். மெல்லியதாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இன்று பல குளங்களில் ஆப்பிரிக்கக் கெளுத்தி பரவிக் கிடக்கிறது. பெரியது ஒன்று மாட்டினால் பிள்ளையை இழுப்பதற்கு முன் நரம்பு அறுந்துவிட வேண்டும். முள் 12. முள்ளுக்கு ஒரு சாண் மேலே சின்ன ஈயம். தக்கைக்கு மயிலிறகுத் தண்டைவிட நல்லது எந்தக் கடையிலும் இல்லை. நாலைந்து அங்குலத் துண்டைச் சைக்கிள் வால்வு டியூப் வளையத்தால் நரம்பில் பிடித்துவைத்தால் மேலே கீழே நகர்த்திக்கொள்ளலாம். தக்கையின் நுனி ஓர் அங்குலம் மட்டும் வெளியே தெரியும்வரை ஈயத்தைக் கூட்டுங்கள். முக்கால்வாசி வெளியே நிற்கும் தக்கையை இழுக்க மீனுக்குப் பாரம் தெரியும், இரையைத் துப்பிவிடும். இந்தச் செட்டோடு வரும் குண்டுத் தக்கைகளை ஒதுக்கச் சொல்வது இதனால்தான்.

ஆழம் பார்க்க, முள்ளில் கொஞ்சம் அதிகமான ஈயத்தைக் கோத்து இறக்குங்கள். தக்கை முழுகிப்போனால் தக்கையை மேலே தள்ள வேண்டும், படுத்துவிட்டால் கீழே இறக்க வேண்டும், நிமிர்ந்து நுனி காட்டினால் அதுதான் அடிமட்டம். அங்கிருந்து நாலு விரல் குறைத்தால் கெண்டைக்குச் சரி, ஜிலேபி நடுநீரிலும் எடுக்கும்.

முடிச்சுக்குப் பிள்ளைகளுக்குச் சுலபமானது பாலோமர். நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் கண்ணில் நுழைத்து, மடிப்பை வைத்து ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போட்டு, மடிப்பு வளையத்துக்குள் முள்ளை நுழைத்து இறுக்க வேண்டும். இறுக்கும் முன் எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனைப்பது கட்டாயம். காய்ந்த நைலான் உரசிச் சூடாகி அந்த இடத்திலேயே பலமிழந்துவிடும். ‘பெரிய மீன், அறுத்துக்கொண்டு போய்விட்டது’ என்று சொல்லப்படுவதில் பல இந்த நனைக்காத முடிச்சுதான். போன நரம்பின் நுனி பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு அவிழ்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இரைக்கு மண்புழுவை மிஞ்சியது இல்லை. முழுப் புழு வேண்டாம், 2 சென்டிமீட்டர் துண்டை முள்ளில் உறைபோல ஏற்றி, கொஞ்சம் வால் தொங்கவிடுங்கள். நீளமாகத் தொங்கினால் சின்ன மீன்கள் வாலை மட்டும் தின்றுவிட்டுப் போகும், தக்கை ஆடிக்கொண்டே இருக்கும், ஒன்றும் மாட்டாது. மாவு இரை என்றால் கோதுமை மாவைச் சப்பாத்திப் பதத்துக்குப் பிசைந்து, ஒரு சிட்டிகை பஞ்சை இழை பிரித்துச் சேர்த்துப் பிசையுங்கள், தண்ணீரில் சீக்கிரம் கரையாது. மீன் கூட்டம் சேர்க்கத் தண்ணீரில் போடுவதற்குத் தவிடு இரண்டு பங்கு, ஊறவைத்த கடலைப் பிண்ணாக்கு ஒரு பங்கு. எலுமிச்சை அளவில் இரண்டு உருண்டை போதும். வாளிக்கணக்கில் போட்டால் மீன் வயிறு நிரம்பி, முள்ளிலிருப்பதைச் சீண்டாது.

சொல்லிக்கொடுக்க முதலில் முள் இல்லாமல், ஓர் அழிரப்பரைக் கட்டி, வீட்டு வாசலிலேயே பழக்குங்கள். வலக்கையில் கம்பு, இடக்கையில் ஈயத்துக்குக் கீழே பிடித்து நரம்பை இலேசாக இழுத்து, கம்பு நுனியை உயர்த்திக்கொண்டே இடக்கையை விட வேண்டும். ஊஞ்சலாகப் போய் முன்னால் விழும். தலைக்கு மேல் சுழற்றி வீசவே பழக்கக் கூடாது. அடுத்தது சுண்டுவது. தக்கை முங்கியதும் பிள்ளைகள் இரண்டு கையாலும் வானத்துக்கு இழுப்பார்கள், மீனும் முள்ளும் பின்னால் மரத்தில் தொங்கும். மணிக்கட்டை மட்டும் ஓர் அடி உயர்த்தினால் போதும் என்று, உங்கள் கையால் நரம்பைப் பிடித்துக்கொண்டு மீனாக இழுத்துக் காட்டிப் பழக்குங்கள். கண்ணாடி, அது சாதா வெள்ளைக் கண்ணாடியாக இருந்தாலும், பிள்ளையும் நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் பட்ட முள்ளுக்கு வீட்டு வைத்தியம் இல்லை.

முதல் மீன் பெரும்பாலும் ஜிலேபியாகத்தான் இருக்கும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன் இன்று ஏறக்குறைய எல்லா ஏரி, குளங்களிலும் இருக்கிறது. கரையோரம் வரும், பகலில் எடுக்கும், கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஏற்றது. முதுகு முள் குத்தும். ஈரக் கையால் தலைப்பக்கத்திலிருந்து வாலை நோக்கி வருடி, முள்ளைப் படியவைத்துப் பிடிக்க வேண்டும். கெளுத்தியைப் பிள்ளை தொடவே வேண்டாம், நீங்கள் கழற்றுங்கள். அதன் முதுகிலும் இரு பக்கமும் முள் நிமிர்ந்து நிற்கும். கெளுத்தி வகையான தேளி குத்தினால் விஷம், வலி கடுமையாக இருக்கும். பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை முக்கிவைத்தால் வலி இறங்கும். சூட்டைப் பெரியவர் தம் கையில் பார்த்துவிட்டே பிள்ளையின் கையை வைக்க வேண்டும். அதன் பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள். தூண்டில் முள்ளைக் கழற்ற, ஆஸ்பத்திரி சாமான் கடையில் கிடைக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். செட்டோடு வரும் பிளாஸ்டிக் கழற்றியைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இடம் தேர்வதில் கொஞ்சமும் அவசரம் கூடாது. ஊர் ஏரி, குளங்களில் பலவும் மீன் பாசிக்குத்தகைக்கு விடப்பட்டவை. குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். பிள்ளையோடு வந்து கம்புத் தூண்டில் போட அனுமதி கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், அவர் விட்ட ரோகு, கட்லா குஞ்சு மாட்டினால் தண்ணீரில் விட்டுவிடுங்கள். பறவைகள் சரணாலய ஏரிகளில் தூண்டில் போடவே கூடாது. அமராவதி, சாத்தனூர் அணைகளிலும் கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கமும் முதலைகள் உண்டு, பிள்ளையோடு அங்கே தண்ணீர் ஓரம் நிற்க வேண்டாம். முதலையைவிட அருகிலிருக்கும் ஆபத்து, ஏரிக்குள் மண் அள்ளிய பள்ளம். முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியிலேயே ஆள் முழுகும் ஆழம் இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. படித்துறையோ கற்கட்டோ உள்ள கரையாகப் பாருங்கள், பிள்ளைக்கு லைஃப் ஜாக்கெட் போடுங்கள். தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்றும் பாருங்கள். கார்பன் ராடு மின்சாரம் கடத்தும், நனைந்த மூங்கிலும் கடத்தும்.

காலை ஏழு முதல் ஒன்பதரை நல்ல நேரம். கோடையில் விடியற்காலையில் தண்ணீரில் பிராணவாயு குறைந்து மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும், அப்போது எந்த இரைக்கும் வராது, வெயில் ஏறியதும் எடுக்கும். மழை முடிந்து தண்ணீர் தெளியும் தை, மாசி கற்றுக்கொடுக்க ஏற்ற மாதங்கள். ஒன்றரை மணி நேரத்தில், பிள்ளை இன்னும் கேட்கும்போதே, கிளம்பிவிடுங்கள். அறுத்துப்போட்ட நரம்புத் துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். கொக்கு, நாரைகளின் காலில் சுற்றி உயிரெடுப்பது அதுதான்.

பிள்ளை தக்கையைப் பார்த்துத் தானாகச் சுண்டிப் பிடிக்கத் தொடங்கிய பிறகு இந்த ரீல் செட்டை எடுங்கள். விளையாட்டுத் திடலில் 10 கிராம் ஈயம் மட்டும் கட்டி எறியப் பழக்குங்கள். ஈயம் செங்குத்தாக மேலே போனால் விரலைச் சீக்கிரம் விட்டிருக்கிறது, காலடியில் விழுந்தால் தாமதமாக விட்டிருக்கிறது. எறிந்ததும் பெயில் கம்பியைக் கையாலேயே மூடச் சொல்லுங்கள், கைப்பிடியைச் சுற்றி மூடும் பழக்கம் நரம்பில் தொய்வு விட்டுச் சிக்கு உண்டாக்கும். அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு முதலில் கொடுப்பது மூடி போட்ட, பொத்தான் அமுக்கும் ஸ்பின்காஸ்ட் ரீல். எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடி செய்துகொண்டிருந்த டல்சா நகரத்து ஸீரோ அவர் பாம் கம்பெனி, 1949இல் ரீல் தயாரிப்பில் இறங்கியது. அந்த ரீல்களின் ஜெப்கோ என்ற பெயர் அந்தக் கம்பெனிப் பெயரின் எழுத்துகளிலிருந்து வந்தது. பொத்தான் ரீலில் விரல் கணக்கே வேண்டியதில்லை என்பதால் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே எளிது. கிடைத்தால் இந்த இடைக்கட்டத்துக்கு அதையே வாங்குங்கள்.

விரால் பிடிக்கும் ஆசையில் இந்தச் செட்டை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தவளை லூரை ஆகாயத்தாமரைக்கும் அல்லிக்கும் மேலே இழுத்து, விரால் பாய்ந்ததும் இலைக்கூட்டத்திலிருந்து பிடுங்கி எடுக்க இந்த ராடுக்கு வலுவில்லை. மடக்கு மூட்டுகளில் ஒன்று போய்விடும். அதற்கு இரண்டே துண்டாக வரும், நடுத்தரத்தைவிடக் கடினமான ராடும், 15 கிலோவாவது தாங்கும் பிரெய்டு (பின்னல்) நரம்பும் தனியாக வாங்க வேண்டும். பிரெய்டைச் சுற்றும் முன் உருளையில் ஐந்தாறு சுற்று நைலான் போடுங்கள், இல்லையென்றால் பிரெய்டு மொத்தமும் உருளையில் வழுக்கிச் சுழலும், டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது.